நீல டேப் ஒட்டிய பொட்டலங்கள்

ஜூன் 13, வியாழன்

மழை. கிளினிக்கில் போன் ஓயவில்லை. பல்வலிக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது, எனக்கோ முதல் வார்த்தை தொண்டையில் ஒரு கணம் நின்றுதான் வெளியே வரும். படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிறது. பட்டத்தை அப்பா சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் மின்சார ஆபீஸோடு பேச வேண்டுமா, இலோனாவைக் கூப்பிடு. வங்கியோடு சண்டையா, இலோனா. படித்தவளுக்குப் பேச வரும் என்று அவர்களுக்கு நினைப்பு.

சாயங்காலம் ஷூ பெட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மாதம் ஒருமுறை கூடும் எங்கள் கார்டு கிளப்பின் வினாடி வினாவில் இதுவரை ஜெயித்த, பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட கார்டுகள் எல்லாம் அவற்றில்தான் கிடக்கின்றன. பொட்டலத்தின் மேலே உள்ள ஒரு நல்ல கார்டை எடுத்துப் பார்ப்பேன், மற்றதைப் பெட்டியில் போட்டுவிடுவேன், சில பொட்டலங்களைப் பிரிப்பதுகூட இல்லை. எல்லாரும் அப்படித்தான். பரிசு கொடுக்கும் உறுப்பினர் மேலே ஒன்று நல்லதாக வைத்து, கீழே இனாமாக இருபது முப்பது சாதாரணக் கார்டுகளைத் திணித்துக் கொடுப்பது கிளப் வழக்கம்.

வருட வாரியாக அடுக்கலாமா, அணி வாரியாகவா? கடைசியில் கொடுத்தவர் வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். லோயிஸ் கொடுத்தவற்றில் சிகரெட் வாசனை. ஸ்டான் கொடுத்தவை ரப்பர் பேண்டு போட்டவை, ஓரமெல்லாம் நசுங்கியிருக்கும். டெல்பர்ட் பொட்டலத்தை நீல டேப்பால் ஒட்டுவார், டேப்பின் நுனியை உள்பக்கமாக மடித்துவிடுவார். பிரிக்கும்போது நகம் பட்டு கார்டு கீறிவிடக் கூடாதாம். அந்த மடிப்பைப் பார்த்தாலே அவர் விரல் தெரியும்.

அம்மா: "தட்டு வைக்க இடம் விடுவியா, இல்ல மடியில வச்சுத் தின்னணுமா?"

ஜூன் 18, செவ்வாய்

இன்று கிளப் கூட்டம்.

கிளப்பில் காபி ஊற்றி முடிக்கும் முன்பே டெல்பர்ட் எழுந்து நின்றார். எழுபத்தெட்டு வயது. முழங்கால் வலி, யாராவது சொன்னால்தான் எழுந்திருப்பார். "என் மட்டூரா காணோம்" என்றார். அவ்வளவுதான்.

ஜோ மட்டூரா. ஒரே ஒரு பருவம் க்ளீவ்லாண்டு அணிக்குப் பந்து வீசியவர், அதோடு தோள் போய்விட்டது. டெல்பர்ட்டும் அவர் அண்ணனும் சிறுவயதில் சூயிங்கம் பாக்கெட்டில் எடுத்த கார்டு. அண்ணன் இப்போது இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தன் கறுப்புப் பெட்டியில் கொண்டுவந்து காட்டுவார், யாரையும் தொட விட மாட்டார்.

"போன மாசம் உன் கறுப்புப் பெட்டிய வண்டி வரைக்கும் தூக்கிட்டு வந்தது யாரு?" என்றார் ஸ்டான். கேட்டது டெல்பர்ட்டை, பார்த்தது வெர்னனை.

வெர்னன்தான் தூக்கினார். முழங்கால் வலிக்கிற மனிதர் பெட்டி தூக்குகிறாரே என்று.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார் ஸ்டான். "நாங்கெல்லாம் சேர்க்கிறவங்க. ஞாயித்துக்கிழமை சந்தையில மேசை போட்டு கார்டு விக்கிறவர் இங்க ஒருத்தர்தான இருக்கார்? அதத்தான் சொல்றேன்."

வெர்னன் தன் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி தின்ற சாக்லேட், கொஞ்சம் கார்டுகள். யாரும் கேட்கவில்லை. ஆனால் போதும் என்று சொல்லவும் யாரும் இல்லை. ஸ்டான் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு — வெர்னன் கிளப்பில் இருக்கலாமா கூடாதா என்று. கூட்டத்தை நடத்துகிற லோயிஸ் தலை குனிந்தபடியே அறிவித்தாள்.

என்னைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது வெர்னன்தான். என் அப்பாவோடு டயர் கிடங்கில் வேலை பார்த்தவர். வினாடி வினாவில் நான் விடையைத் தாளில் எழுதி மேசையில் குப்புற வைத்திருப்பேன். அவர் என் தாளைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பொண்ணு அப்பவே எழுதிட்டா, நீங்க கத்திக்கிட்டே இருங்க" என்பார். அவர் இல்லாவிட்டால் எனக்கு இத்தனை பெட்டிகள் ஏது?

வெர்னன் மெதுவாகவே ஓட்டினார். எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாளைக்கும் மழை வரும்போல."

ஜூன் 19, புதன்

நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

அம்மாவோடு முட்டைக்கோஸ் சுருட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று ஞாபகம் வந்தது. இலைக்குள் கறியை வைத்து மடிக்கிறோமே, அப்போது.

மார்ச்சில் சர்ச் கூடத்தில் கார்டு கண்காட்சி. டெல்பர்ட்டின் மேசைக்கு உதவியாக நானும் நின்றேன். கூட்டம் வரத் தொடங்கியதும் அவர் ஒரு நல்ல கார்டை எடுத்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு கார்டின் முதுகோடு முதுகு வைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார். முன்னால் பார்த்தால் குப்பைக் கார்டு மட்டும்தான் தெரியும். "திருடன் குப்பைய எடுக்க மாட்டான் பாத்துக்கோ" என்று கண்ணடித்தார்.

மட்டூராவையும் அன்று அப்படித்தான் ஒளித்து வைத்தாரா? வீட்டுக்கு வந்து எடுக்க மறந்துவிட்டாரா? அந்தக் குப்பைக் கார்டு மற்ற குப்பைகளோடு சேர்ந்து —

இனாம் கார்டாக. பரிசுப் பொட்டலத்துக்குள்.

முட்டைக்கோஸ் இலை ஒன்று கிழிந்துவிட்டது. "கனவு காணாத" என்றாள் அம்மா.

ஜூன் 26, புதன்

டெல்பர்ட்டின் பொட்டலங்களைத் தனியாக எடுத்தேன். ஏற்கெனவே பிரித்தவற்றில் ஒவ்வொரு உறையையும் திருப்பிப் பார்த்தேன். தடிமன் தெரிகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பிரிக்காதவை இரண்டு. இரண்டிலும் நீல டேப், மடித்த நுனி, கலையாமல்.

கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"பிரியேன். கெடச்சா அந்த மனுசனுக்கு நல்லதுதான?"

"கெடச்சாதாம்மா மோசம்."

"என்னடி சொல்ற?"

"எங்க கெடச்சுதுன்னு கேப்பாங்க. எங்க வீட்லன்னு சொல்லணும். நான் யார் வண்டியில வரேன்? வெர்னன் எடுத்து என்கிட்ட குடுத்து வச்சிருந்தார், இப்ப பயந்துபோய் ரெண்டு பேரும் நாடகம் ஆடுறாங்கன்னு ஸ்டான் சொல்லுவார்."

அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கிறவள். ஏதாவது காணாமல் போனால் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிரித்தால் அத்தாட்சி போய்விடும். பிரிக்காமல் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் பிரித்து, உள்ளே ஒன்றும் இல்லையென்றால்? வெர்னனை ஒரேயடியாகப் புதைத்தவள் நானாவேன்.

ஜூலை 4, வியாழன்

தெருவில் வெடிச் சத்தம். வெர்னன் தர்பூசணி கொண்டுவந்தார். அப்பாவோடு பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொன்னேன், ஒரே உறையில் இரண்டு கார்டு விஷயத்தை.

கேட்டுவிட்டு ஒரு விதையைத் துப்பினார். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நீ இதுல தலையிடாத, இலோனா. எனக்கு அம்பத்தாறு வயசு, இன்னொரு கிளப் தேடிக்குவேன். உனக்கு வாரம் பூரா அந்தப் போன். மாசத்துல ஒரு சாயங்காலம்தான் நீ சிரிக்கிற. அத ஏன் கெடுத்துக்கணும்?"

"நீங்க அன்னைக்கு வரப்போறீங்களா?"

"வராம? சொல்றத என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்."

அப்பா அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். வெர்னன் போன பிறகு, "நீ படிச்சவ. உனக்குத் தெரியும்" என்றார். எனக்கு என்ன தெரியும் அப்பா?

ஜூலை 9, செவ்வாய்

டெல்பர்ட்டுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு. அவரே ஞாபகப்படுத்திக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது என்று நினைத்தேன்.

"மார்ச்சுல, கண்காட்சியில, நீங்க ரெண்டு கார்ட ஒரே உறையில…"

"மட்டூரா கறுப்புப் பெட்டியிலதான் இருந்துச்சு."

"இல்ல, ஒருவேள மறந்து…"

"எனக்கு மூள கலங்கிப் போச்சுங்கிறியா? என் மக சொல்றா, டாக்டர் சொல்றான், இப்ப நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

வைத்துவிட்டார். தாளில் இன்னும் நாலு வரி மிச்சம் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. பயந்தார். கார்டு திருடு போயிருந்தால் அவர் மூளைக்கு ஒன்றுமில்லை. திருடு போகவில்லையென்றால்?

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாவது பொட்டலம் கனமாக இருக்கிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. இன்று காலையிலிருந்து எத்தனை முறை கையில் எடுத்துவிட்டேன்! மதியம் டேப்பின் மடித்த நுனிக்குள் நகம் போய்விட்டது. மெல்ல இழுத்தால் வந்துவிடும். பார்த்துவிட்டு அதே இடத்தில் ஒட்டினால் யாருக்குத் தெரியும்? டெல்பர்ட்டுக்குத் தெரியும். எனக்கும்.

பொட்டலம் இரண்டையும் அம்மாவிடம் கொடுத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

நாளைக்குச் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

எழுதிவிட வேண்டும், வரிசை மாறாமல்.

கூடத்தில் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. காபிக்குக்கூட வராதவர்கள் வாக்கெடுப்புக்கு வந்திருந்தார்கள். வெர்னன் இஸ்திரி போட்ட சட்டை. என் பக்கத்தில் உட்காராமல் மூன்று நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்காகத்தான்.

லோயிஸ், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றாள். கேட்கிற முறைக்குக் கேட்டாள்.

எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்து பெரிய சத்தம். எல்லாத் தலையும் திரும்பின. எழுதி வைத்த தாள் கைப்பையில், கைப்பை நாற்காலியோடு தரையில், பொட்டலம் இரண்டும் மட்டும் கையில்.

"டெல்பர்ட்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "இது ரெண்டும் நீங்க எனக்குக் குடுத்த பரிசு. நான் பிரிக்கல. உங்க டேப்தானான்னு பாருங்க. நீங்களே பிரிங்க."

"என்ன இது?" என்றார் ஸ்டான். "மேஜிக் ஷோவா?"

டெல்பர்ட் என்னைப் பார்க்கவில்லை. பொட்டலங்களைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் மடிப்பைத் தடவினார். "என்னோடதுதான்" என்றார்.

முதல் பொட்டலம். ஒவ்வொரு கார்டாக எடுத்து, உறையைத் திருப்பி, மேசையில் வைத்தார். ஒன்றுமில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸ்டான், "பொண்ணு, உக்காரு. வெர்னன் சொல்லிக்குடுத்தது இவ்வளவுதானா?" என்றார். வெர்னன் எழப் பார்த்தார். நான் கையால் வேண்டாம் என்றேன். ஏன் உட்காரவில்லை என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. நாற்காலி கீழே கிடந்தது, அதுதான் காரணமோ என்னவோ.

இரண்டாவது. பாதி வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு உறை அவர் விரலில் நின்றது. அழுத்தினார், திருப்பினார். பின்பக்கமும் ஒரு முகம்.

மட்டூரா இல்லை.

வேறொரு கார்டு. பழையது, நல்லது. "அட, இது…" என்றார் டெல்பர்ட். "இத நான் வித்துட்டேன்னுல்ல நெனச்சேன்." கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தொலைந்ததே அவருக்குத் தெரியாது.

யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது: "இவர் குடுத்த பொட்டலம் எல்லார் வீட்லயும் இருக்கு. பிரிச்சுப் பாத்தவங்க யாரு?"

ஒரு கையும் உயரவில்லை. பெரிய பெரிய சேகரிப்பாளர்கள். ஒருவர் மேற்கூரையைப் பார்த்தார்.

லோயிஸ் மேசையைத் தட்டினாள். "வாக்கெடுப்பு இன்னைக்கு இல்ல. அடுத்த செவ்வாய் எல்லாரும் டெல்பர்ட் குடுத்தத அள்ளிக்கிட்டு வாங்க. எல்லாரும்."

"நான் வீட்லயே பாத்துட்டு வரேன்" என்றார் ஸ்டான்.

"கொண்டு வா, ஸ்டான்."

வெர்னன்தான் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போது, "நாற்காலிய நல்லாத்தான் தள்ளுன" என்றார்.

ஜூலை 17, புதன்

கிளினிக்கில் போனை எடுத்தபோது குரல் கம்மிப்போயிருந்தது. மறுமுனை அம்மாள், "உனக்கும் பல்வலியா?" என்றாள்.

வெர்னன் அடுத்த செவ்வாய் வரமாட்டாராம். "என் பையத் தேடுனப்ப நான் பாத்துட்டு நின்னேன். அடுத்தவன் பையத் தேடுறதயும் நின்னு பாக்கணுமா?"

ஜூலை 23, செவ்வாய்

அப்பா கொண்டுபோய் விட்டார்.

நீள மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். காலணிப் பெட்டி, பிஸ்கட் டின், மளிகைப் பை, ஒருவர் துணிக்கூடையே தூக்கிவந்திருந்தார். ஆளுக்கொரு குவியல். பேச்சே இல்லை, பிளாஸ்டிக் உரசுகிற சத்தம் மட்டும். ஸ்டானுக்கு எதிரே எனக்கு இடம் விழுந்தது. அவர் குவியல்தான் பெரியது. டேப்பை எல்லாம் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டு, டெல்பர்ட்டின் கார்டுகளைக் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டில் இறுக்கி வைத்திருந்தார். "நான் எல்லாம் பாத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே பிரித்தார்.

நான் எனக்கு வந்த குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே சத்தம் நின்றது.

நிமிர்ந்தேன். ஸ்டான் கையில் ஒரு உறை. பாதி திருப்பியபடி. பின்பக்கம் எனக்குத் தெரிந்தது — தொப்பி, கோணல் சிரிப்பு. மட்டூரா.

அவர் மேசையைப் பார்த்தார். வலப்பக்கம், இடப்பக்கம். யாரும் கவனிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்துவிட்டது. மடியில் கோட்டு கிடந்தது, கோட்டில் பெரிய பை.

கத்தியிருக்கலாம். அன்று என்னால் முடிந்திருக்கும், குரல் தயாராக இருந்தது. ஆனால் நான் சொன்னால் பிடிபட்டவர் ஸ்டான். அவர் சொன்னால்தான் வெர்னன் விடுபடுவார், முழுசாக. நான் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் எவ்வளவோ இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன். இவ்வளவு கஷ்டப்பட்டு இருந்ததில்லை.

"டெல்பர்ட்" என்றார் ஸ்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், "டெல்பர்ட், இங்க வாய்யா."

எல்லாரும் கூடிவிட்டார்கள். டெல்பர்ட் உறையை வாங்கி, மட்டூராவை உருவி, விளக்குக்கு நேரே பிடித்தார். இடது ஓரத்தில் ரப்பர் பேண்டு நசுக்கிய பள்ளம். அதை விரலால் தடவினார், திரும்பத் திரும்ப. கார்டு கிடைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை.

"நான்தான் வச்சேன்" என்றார். "என் கையால நான்தான் வச்சேன். எனக்கு ஞாபகமே இல்ல."

லோயிஸ் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஸ்டான் கோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அவருடைய குவியலை நான்தான் அடுக்கி வைத்தேன். ரப்பர் பேண்டு போடாமல்.

ஜூலை 24, புதன்

வெர்னனுக்குப் போன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில்.

"ஓரம் நல்லா இருக்கா?" என்றார்.

"நசுங்கிருச்சு. ரப்பர் பேண்டு."

"அடப்பாவி!" உண்மையாகவே துடித்துவிட்டார். "அந்த மட்டூரா கார்டயா! அந்த ஆள் கையில ஒரு கார்டும் குடுக்கக் கூடாது, சட்டம் போடணும்."

இருவரும் சிரித்தோம். கிளப்புக்கு வருவீர்களா என்று கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. "கார்டு கெடச்சிருச்சு, இலோனா. அவ்வளவுதான கெடச்சிருக்கு."

ஆகஸ்ட் 3, சனி

டெல்பர்ட் கிளினிக்குக்கு வந்தார். பல்லுக்காக இல்லை. ஒரு கவரை நீட்டி, "வெர்னன்ட்ட குடுத்துரு" என்றார். உள்ளே மட்டூரா.

"இத அவர் வாங்க மாட்டார்."

"அப்ப நான் என்னதான் குடுக்கிறது?"

"நீங்களே போய்ப் பேசுங்க."

"என்ன சொல்லணும்னு தெரியலயே." அந்த உயரமான மனிதர் என் மேசைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார்.

"எனக்கும் எப்பவும் தெரியாது" என்றேன். போன் அடித்தது. கவரை அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வெர்னன் கூட்டிப்போனார். கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைத்தார், ஆனால் இறங்கவில்லை. ரேடியோவில் பேஸ்பால் ஆட்டத்தைத் திருப்பி வைத்து, இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். "நீ போ. முடிஞ்சதும் வா."

உள்ளே போனேன். ஸ்டான் வந்திருந்தார், சுவரோரமாக. எனக்குத் தலையசைத்தார். லோயிஸ் வினாடி வினாவை ஆரம்பித்தாள். முதல் கேள்விக்குத் தாளை எடுத்தேன். தூக்கிக் காட்ட ஆள் இல்லை. வாயால் சொன்னேன். சரியான விடை.

இடைவேளையில் டெல்பர்ட் இரண்டு காபி ஊற்றினார். இரண்டையும் தூக்கிக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்து, படியிறங்கி வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெர்னனின் வண்டிக் கதவருகே போய் டெல்பர்ட் நின்றார். கண்ணாடி இறங்கவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார், இரண்டு கையிலும் காபி, கதவைத் தட்டக்கூட ஒரு கை இல்லாமல். பிறகு கண்ணாடி பாதி இறங்கியது. ஒரு கோப்பை உள்ளே போனது. இருவர் வாயும் அசையவில்லை. டெல்பர்ட் வண்டிக் கூரையில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, ரேடியோவுக்குக் காது கொடுத்தார்.

மறுபடி கூட்டம் தொடங்கியது. லோயிஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, "டெல்பர்ட் எங்க?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை.

"வெளிய" என்றேன், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "வெர்னனோட ஆட்டம் கேட்டுக்கிட்டிருக்கார். ஆரம்பிங்க."